கயிறு சுற்றுகிறவரும் இரண்டாவது ரிவியூவரும்

1. வந்த ஈமெயில்

ஈமெயில் வந்தபோது நான் ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன அவருக்கு. மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் ஜேர்னலின் பெயரைக் கண்டதும் என் கை நின்றுவிட்டது.

"வாப்பா, ஒரு நிமிஷம் இதப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

"பாருங்க மகள், ஆறுதலாப் பாருங்க. அந்த நேரம் எனக்கு நோகாதுதானே" என்றார்.

கல்முனைக் கரையோரத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பிஸியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. நோயாளிகளைப் பற்றி எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி ஜேர்னலுக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை. அனுப்பிய நாளிலிருந்து, அதிகாலையில் சுபஹு தொழுத கையோடு இன்பொக்ஸைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

எடிட்டர் நன்றி சொல்லியிருந்தார். இப்போதுள்ள நிலையில் கட்டுரையை வெளியிட முடியாது என்றும் எழுதியிருந்தார். கீழே இரண்டு ரிவியூவர்களின் குறிப்புகள். முதலாமவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். பயனுள்ள தலைப்பு, ஆங்கிலத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இரண்டாமவர் இலக்கமிட்டு இலக்கமிட்டுப் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார். ஆட்களை எப்படித் தெரிவு செய்தீர்கள்? வலியை எந்த நேரத்தில் அளந்தீர்கள்? கட்டுரையின் முடிவில் ஒரு பெல்ட்டைச் சிபாரிசு செய்கிறீர்களே, அதை யாருக்காவது போட்டுப் பார்த்தீர்களா?

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர், "என்ன மகள், மௌத்துச் செய்தியா?" என்று யாரோ இறந்துவிட்டதாக நினைத்துக் கேட்டார்.

"இல்ல வாப்பா. பரீட்சையில பெயில்."

"இந்த வயசிலயுமா உங்களுக்குப் பரீட்ச வைக்கிறாங்க" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

2. கட்டுரை எதற்காக

கடலில் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலைக்காரர்கள் எங்கள் கிளினிக்குக்குப் புதியவர்கள் அல்லர். சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை வருவார்கள், கொஞ்சம் சுகமானதும் காணாமல் போவார்கள், பிறகு முன்னையைவிட மோசமாகி வருவார்கள். கடலில் மீன் படும் நாட்களில் ஆஸ்பத்திரி வரிசையில் வந்து இருக்க யாருக்கும் நேரம் இல்லை.

அவர்களில் ஒருவர் ஜவ்பர் காக்கா. வயது ஐம்பதைத் தொடவில்லை. பள்ளிவாசலில் வயோதிபர்களுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் தொழுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மிஸ், நடக்க ஏலும், சைக்கிள் மிதிக்க ஏலும். சுஜூதுக்கு நெத்திய நிலத்தில வச்சா மட்டும் எழும்ப ஏலா. என்ட மகன் நிலத்தில தொழுறான், நான் கதிரையில இரிக்கன்."

கிழமையில் ஒருநாள், கடற்கரையில் மீனவர்கள் தங்கும் வாடியிலேயே ஒரு கிளினிக் நடத்தினால் இவர்களைத் தொடர்ந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"உங்கட அனுபவத்த நான் மதிக்கிறன் மிஸ். ஆனா அனுபவத்தக் காட்டி ஆளும் வாகனமும் எடுக்க ஏலாது. ஆதாரம் ஒண்டு கொண்டு வாங்க. பப்ளிஷ் பண்ணின ஒண்டு."

அப்படித்தான் தொடங்கியது. எங்கள் ஆஸ்பத்திரியில் சமுதாய மருத்துவம் படித்த ஒரு டொக்டர் இருந்தார். பெயர் சுகந்தி, கல்முனையில் மெதடிஸ்ட் குடும்பம். என்னைவிட வயது குறைவு. அவருக்கு ஆய்வு முறை தெரியும், எனக்கு முதுகு தெரியும். இருவரும் சேர்ந்தோம். பல்கலைக்கழகம் ஒன்றின் எதிக்ஸ் கமிட்டியிடம் அனுமதி எடுத்தோம். நான் பின்னேரங்களில் வாடிக்குப் போய், வலை வேலை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஆட்களிடம் கேள்விக்கொத்தை வாசித்து, அவர்கள் சொல்லும் வலியின் அளவைக் குறித்துக்கொண்டேன். என் கணவர் நிஸாம் கணித ஆசிரியர். அவர்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, வேலை முடியும்வரை தோணி நிழலில் இருந்து மாணவர்களின் கொப்பி திருத்துவார்.

வலை இழுப்பதால் முதுகுவலி வருகிறது. இடுப்பைத் தாங்கும் பெல்ட் ஒன்று போட்டால் குறையும். இதுதான் எங்கள் முடிவு. மாதிரிக்கு நான் தைத்துக் காட்டிய பெல்ட்டை வலைச் சொந்தக்காரர் சலீம் ஹாஜியார் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டுரை வரட்டும், எல்லாருக்கும் தைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்த ஈமெயில்.

3. ரிஜெக்ட் என்று நான் நினைத்தது

வீட்டுக்குப் போய் நிஸாமிடம், "ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்றேன்.

"வேற ஜேர்னல் இல்லையா?"

இருந்தது. அந்த மாதம் முழுக்க எனக்கு ஒரு ஜேர்னலிடமிருந்து ஈமெயில் வந்துகொண்டே இருந்தது. மதிப்புக்குரிய பேராசிரியர் என்று என்னை அழைத்திருந்தார்கள். ஒரே கிழமையில் வெளியிடுவோம், திருத்தம் எதுவும் கேட்க மாட்டோம், கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அது எனக்கு அல்லாஹ் அனுப்பிய ரஹ்மத்தாகத் தெரிந்தது. கட்டுரையை அவர்களின் பக்கத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன், கூட எழுதியவருக்கு ஒரு சொல் சொல்லாமல் அனுப்புவது முறையில்லை என்று சுகந்திக்கு அழைத்தேன்.

"அக்கா, அந்த ஈமெயில எனக்கு வாசிங்க. எடிட்டர் என்ன முடிவு எழுதியிருக்கார்?"

"மேஜர் ரிவிஷன்."

போனில் அவர் சிரித்தார். "அக்கா, நிராகரிச்சா நிராகரிச்சம் எண்டே எழுதுவாங்க. இது அப்பிடியில்ல. திருத்தி அனுப்புங்க, திரும்பவும் பாக்கிறம் எண்டு அர்த்தம். நல்ல செய்தியக் கையில வச்சுக்கொண்டா அழுறீங்க?"

"மூணு பக்கம் பிழை பிடிச்சிருக்கார் டொக்டர். நல்ல செய்தியெண்டு எப்பிடிச் சொல்ற?"

"உங்கட பேப்பர் வேணாமெண்டா அவர் ஏன் மூணு பக்கம் எழுதிறார்? ரெண்டு வரியில முடிச்சிருப்பார். அவருக்கு இதுக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கிறல்ல. தன்ட வேலைய விட்டுட்டு இருந்து வாசிச்சிருக்கார்."

அடுத்த நாள் மதிய இடைவேளையில் இருவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தபோது அவர் எனக்கு முழுவதையும் விளங்கப்படுத்தினார். நாம் அனுப்பும் கட்டுரையை எடிட்டர் அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். எங்கள் ஜேர்னலில் எழுதியவர் யார் என்று வாசிப்பவருக்குத் தெரியாது. வாசித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. அவர்கள் சொல்வது ஆலோசனை. முடிவு எடிட்டருடையது. இதைத்தான் பியர் ரிவியூ என்கிறார்கள். முதல் தடவையே அப்படியே ஏற்றுக்கொள்ளப்படும் கட்டுரை மிக அரிது. பெரிய பேராசிரியர்களுக்கும் மேஜர் ரிவிஷன்தான் வரும்.

"அப்ப அந்த ஒரு கிழமை ஜேர்னல்?" என்று கேட்டேன்.

"அதில போட்டா மேலதிகாரிக்கிட்ட கொண்டுபோய்க் காட்டலாம். அவர் நம்பவும் கூடும். ஆனா உங்கட பேப்பர ஒருத்தரும் வாசிச்சிருக்க மாட்டாங்க அக்கா. நீங்களும் நானும் மட்டும்தான்."

அன்று பின்னேரமே ஏற்றியதை அழித்துவிட்டேன்.

4. ஏழாவது கேள்வி

சுகந்தி சொன்னபடி ஒரு அட்டவணை போட்டோம். இடது பக்கம் ரிவியூவரின் குறிப்பு, சொல்லுக்குச் சொல் அப்படியே. வலது பக்கம் நமது பதில். மாற்றம் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்பதும் அதில் வரவேண்டும். சின்னக் குறிப்புகளை முதலில் முடித்தோம். எதிக்ஸ் அனுமதி இலக்கம் விடுபட்டிருந்தது, சேர்த்தோம். கட்டுரையின் ஓர் அட்டவணையில் கூட்டல் பிழை இருந்தது. நிஸாம் அதைப் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்துத் திருத்தினார்.

ஏழாவது குறிப்பில் வந்து நின்றோம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எல்லாரையும் வலை இழுப்பவர்கள் என்று ஒரே கூட்டமாக எடுத்திருக்கிறீர்கள். வலை போட்டதிலிருந்து அது கரையேறும்வரை எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்களா? அப்படி இல்லையென்றால் இந்த முடிவு நிற்காது."

எனக்குக் கோபம் வந்தது. "இவர் கடலக் கண்டிருக்க மாட்டார். கரைவலையில இழுக்கிறதத் தவிர வேறென்ன வேல?" என்றேன். அந்தக் கோபத்தோடே ஒரு பதிலும் எழுதினேன். சுகந்தி அதை வாசித்தார். அழிக்கவில்லை.

"அக்கா, நீங்க சொல்றது சரியாயிருக்கும். ஆனா அதப் பாத்துட்டு எழுதுவம். நீங்க ஒரு வலை இழுப்ப முதல்லயிருந்து கடைசிவரைக்கும் பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. இழுப்பு நடக்கும் காலை நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். நான் வாடிக்குப் போகும்போது வலை காய்ந்துகொண்டிருக்கும்.

அது கரைவலைக் காலத்தின் கடைசிப் பகுதி. மாரி தொடங்கிக் கடல் அடிக்க ஆரம்பித்தால் பிறகு மாதக்கணக்கில் வலை இறங்காது. ஜேர்னல் கொடுத்த தவணையோ அதற்குள் முடிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமையே லீவு போட்டேன்.

காலையில் நானும், பாடசாலைக்கு லீவு போட்ட நிஸாமும் மணலில் போய் நின்றபோது தோணி வலையை அரைவட்டமாகப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம். இடுப்பில் சுற்றிய துணிவாரைக் கயிற்றில் மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக அடியெடுத்து வைத்தார்கள். மேட்டுக்கு வந்ததும் ஒருவர் வாரைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு நடந்து போய் மறுபடி மாட்டினார். அவருக்குப் பின் அடுத்தவர். அப்படியே சுற்றிச் சுற்றி வந்தார்கள். இழுக்கும் ஒவ்வொருவருக்கும் இடையிடையே நிமிர்ந்து நடக்க ஒரு நேரம் கிடைத்தது. இழுக்கும்போதும் முதுகு நேராகத்தான் இருந்தது. பாரம் காலில் இறங்கியது. பிஸியோதெரபிஸ்ட் கண்ணுக்கு அது மோசமான நிலையாகத் தெரியவில்லை.

பிறகு கயிற்றின் கடைசியைப் பார்த்தேன். அங்கே ஜவ்பர் காக்கா நின்றார். மேட்டுக்கு வந்து சேரும் ஈரக் கயிற்றை மணலில் வட்டமாகச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் மடிந்து, வலப்பக்கம் திரும்பி, கயிற்றை வைத்து, நிமிராமல் மறுபடி திரும்பி அடுத்த பிடி. இழுப்பவர்கள் மாறி மாறி வந்தார்கள். அவர் மாறவே இல்லை. தெற்குக் கயிற்றிலும் அப்படியே ஒருவர் நின்றார். அவரும் எங்கள் நோயாளிதான்.

வலை கரையேறிய பிறகு அவரிடம் போனேன்.

"ஜவ்பர் காக்கா, நீங்க இழுக்கப் போறல்லயா?"

"நான் எப்ப மிஸ் இழுத்த? நான் கயிறு சுத்துறவன். சின்ன வயசிலருந்து இதான் வேல."

"அண்டைக்கு நான் கேக்கக்குள்ள கரைவலை இழுக்கிறண்டு சொன்னீங்களே."

"நீங்க கரைவலைத் தொழிலாண்டு கேட்டீங்க. ஓம் எண்டன். கயிறு சுத்துறதும் கரைவலைதானே மிஸ்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் கேள்விக்கொத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

"இதெல்லாம் இப்ப என்னத்துக்குக் கேக்கிறீங்க?" என்றார்.

"எங்கட கட்டுரைய வாசிச்ச ஒருத்தர் கேட்டிருக்கார். எல்லாரும் ஒரே வேலையா செய்றாங்க எண்டு."

"அப்ப அவர் கரைவலைய நல்லாப் பாத்த மனுஷன்."

அவர் கரைவலையைப் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் எங்கள் கட்டுரையைப் பார்த்திருந்தார், எழுதிய நாங்கள் பார்த்ததைவிட நிதானமாக. மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது எனக்குக் கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக, மழைக்கு முன் எல்லாரிடமும் திரும்பக் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வந்திருந்தது.

5. விழுந்த முடிவும் எழுந்த முடிவும்

ஒரு கேள்வியைக் கூட்டிக் கேட்பதற்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும் என்று சுகந்தி சொன்னார். எழுதினோம். அவர்கள் பதில் தரும்வரை நான் ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்தேன். பதில் வந்த கையோடு வாடிகளுக்கு ஓடினோம். முன்பு பேசிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, உங்கள் வேலை என்ன, இழுப்பதா, சுற்றுவதா, தோணியில் போவதா, வேலையை மாற்றிக்கொள்வதுண்டா என்று கேட்டோம். கடைசி ஆளைக் கண்டு பேசி முடித்த சில நாட்களில் மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை ஒன்றில் சுகந்தி தன் வீட்டு மேசையில் லெப்டொப்பைத் திறந்து, வேலைகளைப் பிரித்துப் போட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டினார். அட்டவணை திரையில் வந்தது. இருவரும் கிட்ட நகர்ந்து வரிசை வரிசையாக வாசித்தோம்.

இழுப்பவர்களுக்கு வலி இருந்தது, ஆனால் கடின வேலை செய்யும் எவருக்கும் இருக்கக்கூடிய அளவுதான். கயிறு சுற்றுகிறவர்களின் வரிசை மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. எல்லாரையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்ததால் அவர்களின் வலியை மற்றவர்களின் தலையில் பங்கு போட்டுக் கொடுத்திருந்தோம்.

"அப்ப எங்கட பேப்பர் பிழையா?" என்று கேட்டேன்.

"பிழையான பேப்பர் இன்னும் வெளிய வரல்லயே அக்கா. வாறதுக்கு முதல் பிடிபட்டிட்டு. இதுக்குத்தானே இந்த ரிவியூ."

அன்றைக்குத்தான் எனக்குப் பியர் ரிவியூ என்றால் என்னவென்று விளங்கியது. முந்தைய விளக்கங்கள் எல்லாம் காதில் விழுந்தவை. இது கண் முன்னால் நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எழும்பி நின்று, "டொக்டர், இது எங்கட முதல் முடிவ விடப் பெரிசு" என்றேன். பெல்ட் போட்டால் சரியாகும் என்று ஒரு கரை முழுக்கச் சொல்லப் போயிருந்தோம். உண்மையில் கவனிக்க வேண்டியது கயிற்றின் கடைசியில் நிற்கும் ஆளை.

அங்கிருந்தே ஹாஜியாருக்கு அழைத்தேன். "ஹாஜியார், பெல்ட் தைக்கக் குடுக்க வேணாம்."

"ஏன் மிஸ், துணியும் பாத்துட்டனே."

"துணி இருக்கட்டும். காரணத்த நேர்ல வந்து சொல்றன்."

கட்டுரையின் முடிவுப் பகுதியை முழுவதாக மாற்றி எழுதினோம். ஏழாவது குறிப்புக்கு எதிரே நான் எழுதிய கோபப் பதிலை நானே அழித்தேன். ரிவியூவர் சொன்னது சரி, நாங்கள் கடற்கரைக்குத் திரும்பப் போனோம், இதுதான் கண்டது என்று எழுதினேன்.

ஒரு குறிப்பில் மட்டும் நாங்கள் இணங்கவில்லை. எல்லாருக்கும் முதுகில் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும் என்று இரண்டாமவர் கேட்டிருந்தார். அபாய அறிகுறி எதுவும் இல்லாத ஆளுக்கு எக்ஸ்ரே எடுப்பதால் அவருக்குப் பயனில்லை, வீணாகக் கதிர் படும் என்பது எங்கள் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். அப்படிச் செய்ய மாட்டோம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டு நிராகரித்துவிட்டால்?

"காரணத்தோட சொன்னா ஒருத்தரும் கோபிக்க மாட்டாங்க. உங்கட வேலையில நீங்கதானே பெரிய ஆள்" என்றார் சுகந்தி.

நன்றி சொல்லி, காரணத்தை எழுதி, ஆதாரக் கட்டுரைகளைக் காட்டி, மறுத்தோம். தவணைக்கு முன் அனுப்பிவிட்டோம்.

6. ஏற்றுக்கொண்டோம்

இரண்டாம் சுற்றில் முதலாமவருக்குத் திருப்தி. இரண்டாமவர் இன்னும் விடவில்லை. தலைப்பில் "வலை இழுப்போர்" என்று நிற்கிறது, கட்டுரையோ இப்போது வேறு ஆளைப் பற்றிச் சொல்கிறது, தலைப்பை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார். எக்ஸ்ரே பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி. கடைசியில், கட்டுரையாசிரியர்கள் களத்துக்குத் திரும்பப் போனதற்கு என் நன்றி என்று இன்னொரு வரி. அந்த வரியை நான் நிஸாமுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு எனக்கே இன்னொரு தடவை வாசித்தேன்.

தலைப்பை மாற்றி அனுப்பினோம். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் கிளினிக்கில் இருக்கும்போது பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற சொல்லைப் பார்த்ததும் நான், வாங்குகளில் வரிசையாகக் காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்து ஒரு பெண் ஆணா பெண்ணா என்று கேட்டார். சுகந்தி வார்டிலிருந்து படி இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அன்று பின்னேரம் நிஸாம் வாங்கி வந்த இனிப்பான வட்டலப்பத்தை பிஸியோதெரபி அறையில் வைத்து எல்லாரும் சாப்பிட்டோம்.

7. மணலில் போட்ட மேடை

கடல் தணிந்து கரைவலை மறுபடி தொடங்கியபோது சலீம் ஹாஜியாரின் வாடியில் எல்லாரையும் கூட்டி, கண்டதைச் சொன்னோம். இரண்டு யோசனைகள் வைத்தோம். கயிறு சுற்றும் வேலையை மூன்று நான்கு பேர் மாறி மாறிச் செய்வது ஒன்று. கயிற்றை மணலில் சுற்றாமல் இடுப்பளவு உயரத்தில் பலகை மேடை போட்டு அதில் சுற்றுவது மற்றது.

ஹாஜியார் தலையை ஆட்டினார். "மிஸ், கயிறு சுத்துறது லேசில்ல. கை மாறினாச் சிக்கும். தோணியில போகக்குள்ள கயிறு சிக்கினா ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்."

நியாயமான பயம். இந்த முறை அந்தக் கேள்வியை இன்னொருவர் எழுதிக் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "அப்ப முதல்ல மேடைய மட்டும் போட்டுப் பாப்பம் ஹாஜியார். அதே ஜவ்பர் காக்கா சுத்தட்டும். மற்ற ஆக்களுக்கு அவர் பழக்கட்டும். கயிறு சிக்குதா எண்டு நீங்களே பாருங்க, முதுகு நோகுதா எண்டு நான் பாக்கிறன்."

ஹாஜியார் ஜவ்பர் காக்காவைப் பார்த்தார். அவர், "பலகை என்னட்டக் கிடக்கு" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

அனுமதி எடுத்து, அளந்து, முறையாகத்தான் செய்தோம். முதல் மேடை சரிந்து விழுந்தது. இரண்டாவதற்குக் கால்களை அகலமாக வைத்தார்கள். கயிறு சிக்கவில்லை. இரண்டு இளைஞர்கள் ஜவ்பர் காக்காவிடம் சுற்றும் விதத்தைப் பழகி மாறி நின்றார்கள். நான் கொடுத்த பயிற்சிகளையும் அவர் விடாமல் செய்தார். பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் கிளினிக் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"என்ன காக்கா, நோவா?"

"இல்ல மிஸ். பெருநாள் தொழுகை நிலத்தில தொழுதன். சொல்லிட்டுப் போவம் எண்டு வந்த."

கட்டுரையின் பிரதியை மேலதிகாரியின் மேசையில் வைத்தபோது அவர் தலைப்பைப் பார்த்தார், பிறகு நான் எதிர்பார்க்காத விதமாக இருந்து முழுக்க வாசித்தார். "நீங்க முதல்ல வந்து கதைக்கக்குள்ள இழுக்கிறதப் பத்தித்தானே சொன்னீங்க?" என்றார். ஓம் என்றேன், அது எப்படி மாறியது என்பதையும் சொன்னேன். கிழமையில் ஒருநாள் கடற்கரை கிளினிக்குக்கு அனுமதி கிடைத்தது.

இதை எழுதுவது, இப்போது வேலைக்கு வரும் பிஸியோதெரபிஸ்ட்களும் நேர்ஸ்மாரும் தங்கள் முதல் ரிவியூவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதால்தான். அவர்களிடம் நான் சொல்வது இது. முதல் நாள் வாசியுங்கள், பதில் எழுதாதீர்கள். எடிட்டரின் முடிவு எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை நன்றாகப் பாருங்கள். எந்தக் குறிப்பு உங்களை அதிகம் நோகடிக்கிறதோ அதை ஒதுக்கி வைக்காதீர்கள், எங்கள் தொழிலில் நோகும் இடத்தைத்தானே முதலில் தொட்டுப் பார்க்கிறோம். அவர் சொல்வது சரியென்றால் போய்ப் பாருங்கள். பிழையென்றால் காரணத்தோடு சொல்லுங்கள். கேள்வியே கேட்காமல் வெளியிடுகிறோம் என்று வரும் ஈமெயிலை அழித்துவிடுங்கள். இப்போது எனக்கும் சில ஜேர்னல்கள் கட்டுரை அனுப்பி ரிவியூ கேட்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், எழுதியவர் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று அதைத் திறப்பார் என்ற நினைப்போடு.

கடற்கரை கிளினிக்கின் முதல் நாள் ஹாஜியாரின் வாடியில் பாய் விரித்து, ஆட்களைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன் அல்லாஹ்விடம் வேண்டிச் சின்னதாக ஒரு துஆ ஓத ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜவ்பர் காக்கா என் பக்கத்தில் வந்தார்.

"மிஸ், அந்தக் கேள்வி கேட்ட மனுஷன்ட பேர் என்ன? துஆவில சேக்க வேணும்."

"தெரியாது காக்கா. பேர் சொல்ல மாட்டாங்க. அதுதான் அதுட முறை."

"ஊரும் தெரியாதா?"

"ஒண்டும் தெரியாது. ஆம்பிளையா பொம்பிளையா எண்டும் தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பாயில் போய் முழங்காலை மடித்து இருந்துகொண்டு கையை ஏந்தினார்.

"பரவால்ல மிஸ்," என்றார். "அல்லாவுக்குத் தெரியும்தானே."